பழமை மேற்பரப்பில் இருக்கட்டும், மூட்டில் வேண்டாம்

கழித்துப்போட்ட பலகைகள், சட்டங்கள், இரும்புத் துண்டுகள் ஆகியவற்றிலிருந்து வீட்டுக்கு வேண்டிய மேசை, அலமாரி, விளக்கு போன்றவற்றைச் செய்யும் வேலை பல ஆண்டுகளாக என்னைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றிப் பேச வருபவர்களில் பெரும்பாலோர், எந்தப் பொருளை எதுவாக மாற்றலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்வது எளிது. மர ஏணியைச் சுவரில் சாய்த்துப் படிகளின் மேல் பலகை பொருத்தினால் அலமாரியாகும். கம்பிவடம் சுற்றிய பெரிய மர உருளையைக் கிடத்தினால் வட்ட மேசையாகும். பழைய ஜன்னல் சட்டத்தில் கண்ணாடிக்குப் பதிலாக முகம் பார்க்கும் ஆடியைப் பொருத்தலாம். அந்தப் பொருளில் எதை அப்படியே விட்டுவைப்பது, எதைத் தயங்காமல் அகற்றுவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். நாட்டுப்புறப் பாங்கு என்று நாம் விரும்பும் அழகு முழுவதும் மேற்பரப்பில் இருக்கிறது: வெயிலில் வெளுத்த நிறம், ஆணி இருந்த கரும்புள்ளி, கைபட்டுத் தேய்ந்த விளிம்பு. மூட்டு, கால், பாரம் தாங்கும் சட்டம், மின்கம்பி ஆகியவற்றில் பழமைக்கு இடமே தரக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்ற நுட்பங்கள் தாமாகவே கைவரும் என்பது என் அனுபவம்.

முதலில் மரம். பழைய கட்டடங்களிலிருந்து கழற்றப்படும் உத்தரம், கதவு, நிலை ஆகியவை பெரும்பாலும் அடர்ந்த காடுகளில் நிழலுக்கிடையே மெதுவாக வளர்ந்த மரங்களிலிருந்து அறுக்கப்பட்டவை. அவற்றின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருப்பதையும், வைரம் பாய்ந்த நடுப்பகுதி மிகுந்து, பட்டையை ஒட்டிய வெளிறிய வெண்மரம் குறைந்திருப்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். இன்று தோட்டங்களில் விரைவாக வளர்த்து வெட்டப்படும் மரத்தில் அந்த நெருக்கம் கிடைப்பது அரிது. மேலும், பல்லாண்டுகள் கூரைக்குக் கீழ் இருந்த பலகை தன் முறுக்கல்களையும் வளைவுகளையும் ஏற்கெனவே முடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் அதை நம்பி உடனே ரம்பத்தை வைத்துவிடக் கூடாது. வெட்டவெளியில் மழையில் கிடந்த பலகை மீண்டும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பலகைகளுக்கு இடையே மெல்லிய சட்டங்களைக் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, அவை எந்த அறையில் இருக்கப்போகின்றனவோ அதைப் போன்ற சூழலில் சில வாரங்கள் வைத்திருப்பது நல்லது. ஈரப்பதமானி இருந்தால், வீட்டுக்குள் புழங்கும் மரத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு பழைய மரமானாலும் அது ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதை நிறுத்துவதே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது நார் ஓடும் நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்குகிறது. குறுக்குவாக்கிலோ, வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 8 சதவீதம் வரையிலும் நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் பாதியளவும் சுருங்குகிறது. அகலமான மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு அசையாதபடி இறுக்கிவிட்டால் ஒரு பருவத்திலேயே அது பிளந்துகொள்வதற்குக் காரணம் இதுவே. திருகாணித் துளையை நீள்வட்டமாக விட்டு, பலகை நகர்வதற்கு இடம் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு பலகையைக் கையில் எடுத்தவுடன் அதைப் படிக்கப் பழகுவது இந்த வேலையின் பெரிய இன்பம். ரம்பத்தின் தடம் நேர்கோடுகளாக, ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்வு மாறி இருந்தால் அது கையால் அறுக்கப்பட்டிருக்கலாம். வில்போல் வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம் அறுத்தது. சதுரத் தலையும் தகடுபோல் குறுகும் உடலும் கொண்ட ஆணி, கம்பியாணிகள் பரவலாவதற்கு முந்தைய காலத்தைக் காட்டும். கம்பியாணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பெருவழக்காயிற்று. நடுப்பகுதி தேய்ந்து ஓரம் தேயாமல் இருக்கும் பலகை எங்கோ படியாக இருந்திருக்கும். இந்தத் தடங்களை உப்புத்தாளால் தேய்த்து ஒழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மரம். அதற்குப் பழைய மரத்தைத் தேடிப் போயிருக்கவே வேண்டியதில்லை.

எந்தப் பொருளை வீட்டுக்குள் சேர்க்கவே கூடாது என்பதை நான் கண்டிப்போடு சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அழகிய படங்களோடு வரும் யோசனைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான். தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த மரக்கட்டைகள் கனமாகவும் கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் அவற்றில் பல, நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் கிரியோசோட் எண்ணெயில் ஊறியவை. அந்த எண்ணெய் தோலைப் பாதிக்கும், அதன் ஆவி அறையில் நிற்கும், எந்தப் பூச்சும் அதை முழுதாக அடைக்காது. அவற்றை மேசையாகவோ கட்டிலாகவோ ஆக்குவது தவறு. வெளியில் நட்டிருந்த கம்பங்களிலும் வேலிச் சட்டங்களிலும் இளம்பச்சை சாயல் தெரிந்தால் அவை செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை இழைக்கவும் கூடாது, துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. சாம்பலில் ஆர்செனிக் அப்படியே தங்கும்.

பழைய வண்ணப்பூச்சு இதைவிட நுட்பமான ஆபத்து. அடுக்கடுக்காக உரிந்து கீழிருக்கும் நிறங்களைக் காட்டும் கதவு மிகவும் அழகானது. அந்த அடுக்குகளில் ஏதோ ஒன்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதுவே மிகவும் கவனமாகத் தொட வேண்டிய பொருளும் ஆகும். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈய வண்ணத்துக்கு 1978இல்தான் தடை வந்தது. வேறு பல நாடுகளில் அதற்கும் பிற்பட்டே வந்தது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது, அதிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது. ஆகவே பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதையும், நெருப்பு காட்டிச் சுரண்டுவதையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். சோதனைக் குச்சியாலோ ஆய்வகத்தின் மூலமோ ஈயம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இருந்தால் அதைக் குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்காமல் விடுவதே மேல். ஈயம் இல்லையென்று தெரிந்த பின், உதிரும் செதில்களை மட்டும் ஈரத்துணி கொண்டு அகற்றி, மீதியின் மேல் ஒளி குன்றிய தெளிந்த பூச்சு கொடுத்தால் அந்த நிறங்கள் அப்படியே நிலைத்து நிற்கும்.

சரக்கு ஏற்றிவரும் மரத்தட்டுகள், அதாவது பேலட்டுகள், எல்லோருக்கும் எளிதில் கிடைப்பவை. பன்னாட்டுப் போக்குவரத்தில் பயன்படும் தட்டுகளில் கோதுமைக் கதிர் அடையாளத்தோடு ஒரு முத்திரை சுடப்பட்டிருக்கும். 2002இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு நெறிமுறையின்படி அது இடப்படுகிறது. அதில் எச்.டி. என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள், அதை எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, அதை விட்டுவிடலாம். முத்திரை நல்லதாக இருந்தாலும், அந்தத் தட்டின் மேல் என்ன வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதை முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால், எவ்வளவு நேர்த்தியான பலகையானாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்தது பூச்சி. குண்டூசித் தலையளவு துளைகள் பழைய மரத்தில் இயல்பு. அவற்றில் பெரும்பாலானவை என்றோ முடிந்துபோன கதை. துளைக்குக் கீழே புதிதாக, வெளிர்நிறத்தில் மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. பலகையைக் கறுப்புத் தாளின் மேல் நிறுத்திச் சில நாட்கள் கவனித்தால் இது தெளிவாகத் தெரிந்துவிடும். சிறிய பொருளாக இருந்தால் காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் உறையில் சுற்றி, -20 டிகிரி செல்சியஸ் குளிர் தரும் உறைபெட்டியில் ஒன்றிரண்டு வாரம் வைத்திருக்கலாம். அருங்காட்சியகங்கள் மரப்பொருட்களைக் காப்பதற்குக் கையாளும் வழிகளில் இதுவும் ஒன்று. பெரிய சட்டமானால் வெப்பமூட்டும் கொட்டகைக்குத்தான் அனுப்ப வேண்டும். கரையான் அரித்த மரத்தைத் திருத்த முயல்வதில் பயனில்லை. நகத்தால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் சட்டத்தை நான் தொடுவதே இல்லை.

இனி, மேற்பரப்பைக் காப்பாற்றுவது. வெட்டவெளியில் நின்ற மரம் சாம்பல் நிறமாவதற்குக் காரணம், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்துவைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பதும், சிதைந்ததை மழை கழுவிச் செல்வதும் ஆகும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இந்தத் தேய்மானம் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் என்று மர ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அப்படியானால் நாம் ஆசைப்படும் அந்தச் சாம்பல் படலம் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: பல்லாண்டு மழையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கியதை மின் தேய்ப்பான் ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். ஆகவே நான் முதலில் உலர்ந்த நைலான் தூரிகையால் நார் ஓட்டத்தின் திசையிலேயே தேய்க்கிறேன். அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் மிருதுவான பித்தளைத் தூரிகை. அதன்பின் ஈரத்துணி, நன்றாக உலரும்வரை காத்திருத்தல், இறுதியில் கைபடும் விளிம்புகளில் மட்டும் நயமான உப்புத்தாள். சிராய் குத்தும் இடத்தை மழுக்கினால் போதும். பலகை முழுவதையும் வழவழப்பாக்குவதற்குக் காரணமே இல்லை. எழுதும் மேசையும் உண்ணும் மேசையும் இதற்கு விலக்கு. அவற்றின் மேற்பலகை சமமாகவும் துடைக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பதால், அங்கே இழைப்புளியைப் போட்டே ஆக வேண்டும், ஆணித்துளைகளைக் கெட்டி மெழுகால் அடைக்கவும் வேண்டும். பழைய முகத்தைப் பக்கவாட்டிலும் கால்களிலும் காப்பாற்றிக்கொள்ளலாம். எதை இழைப்பதற்கு முன்னும் உலோகம் காட்டும் கருவியை ஒருமுறை பலகையின் மேல் ஓட்டிவிடுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரே ஆணி அலகைக் கெடுத்துவிடும், கண்ணிலும் தெறிக்கும்.

மேற்பரப்பில் காட்டிய இந்தத் தயவை மூட்டில் காட்டக் கூடாது. பழைய மேசையின் கால் ஆடினால் அதில் ஆணி அடித்து நிறுத்துவது பரவலான பழக்கம்; அது மரத்தைப் பிளப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. முறையான வழி, மூட்டைக் கழற்றுவது. பழைய மரச்சாமான்களில் விலங்குத் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையைப் பயன்படுத்தியிருப்பார்கள். வெந்நீரும் வெப்பமும் பட்டால் அந்தப் பசை இளகிவிடும். என்றாவது ஒருநாள் பழுது பார்ப்பதற்குக் கழற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிச் செய்த தச்சர்களுக்கு அது பொருத்தமான பசை, அவர்களுடைய அந்த முன்யோசனை ஒவ்வொரு முறையும் என்னை வியக்க வைக்கிறது. மூட்டு கழன்ற பின், கழுந்திலும், அதாவது துளைக்குள் செருகும் முனையிலும், துளையிலும் படிந்த பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனெனில் இன்று கிடைக்கும் வெண்ணிறத் தச்சுப் பசை மரத்தின் நாரில் ஊடுருவித்தான் பிடிக்கும், பழைய பசையின் மேல் பிடிக்காது. கழுந்து தேய்ந்து தளர்ந்திருந்தால் மெல்லிய மரச்சீவலை ஒட்டித் தடிப்பாக்கி, அளவுக்குச் செதுக்கிப் பொருத்தலாம். உளுத்துப்போன கழுந்தானால் அதை அறுத்துத் தள்ளிவிட்டுப் புது மரத்தில் செய்வதற்குத் தயங்கவே கூடாது.

அலமாரிப் பலகையின் தொய்வைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. நெடுகிலும் ஒரே சீராகப் புத்தகம் அடுக்கினால், பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கும்போது தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. இரு தாங்கிகளுக்கு இடையிலான தொலைவைப் பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே மெல்லிய பேலட் பலகையில் புத்தக அலமாரி செய்ய விரும்புவோர், பலகையைத் தடிமனாக்க முயல்வதைவிட நடுவில் ஒரு தாங்கியைக் கூடுதலாகக் கொடுப்பதே மிகச் சிறந்த வழி. நாற்காலி செய்யும் ஆசையை மட்டும் தொடக்கத்தில் தள்ளிவையுங்கள். மேசையின் மேல் பாரம் அசையாமல் நிற்கிறது. நாற்காலியில் அமர்பவர் சாய்கிறார், பின்னங்கால்களில் ஊன்றி ஆடுகிறார், பக்கவாட்டில் திரும்புகிறார். வீட்டிலிருக்கும் எல்லாச் சாமான்களிலும் மூட்டுகள் அதிகம் வதைபடுவது நாற்காலியில்தான். 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் எளிய பெஞ்சு, அதன் கால்களுக்கிடையே ஒரு குறுக்குச் சட்டம், இதுவே நல்ல தொடக்கம்.

இரும்புக்கும் அதே நெறிதான். துருவின் நிறம் அழகு. ஆனால் கையில் ஒட்டும் துரு இன்னும் உயிரோடு அரித்துக்கொண்டிருக்கும் துரு. சிறு பொருட்களை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் துரு இளகிவிடும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே வெப்பம் காட்டி உலர்த்தி, எண்ணெயோ மெழுகோ தடவ வேண்டும்; சற்றுத் தாமதித்தாலும் புதுத் துரு படரத் தொடங்கும். கறுத்த தோற்றம் வேண்டுவோர் டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசலாம். அது துருவை நீலங்கலந்த கருநிறப் படலமாக மாற்றி அங்கேயே நிறுத்திவிடும். துத்தநாகம் பூசிய வாளியையும் தகட்டையும் வினிகரில் போட வேண்டாம், அமிலம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். தையல் இயந்திரத்தின் கால்கள் போன்ற வார்ப்பிரும்புப் பொருட்கள் கனமாக இருந்தாலும் நொறுங்கும் தன்மையுள்ளவை. வழக்கமான முறையில் பற்றவைத்தால் ஒட்டுக்கு அருகிலேயே விரிசல் விடும். ஏற்கெனவே இருக்கும் துளைகளில் மரையாணி போட்டுப் பலகையைப் பொருத்துவதே தக்கது. இரசாயனம் வைத்திருந்த பீப்பாய்களை எக்காரணத்தைக் கொண்டும் நெருப்பால் வெட்டாதீர்கள். உள்ளே எஞ்சிய ஆவி வெடிக்கும்.

விளக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூடு பழையதாக இருக்கலாம்; கம்பி, பல்பு மாட்டும் பிடி, செருகி மூன்றும் புதியவையாகவே இருக்க வேண்டும். உலோகக் கூட்டுக்குப் புவியிணைப்பு தர வேண்டும். கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். மரமோ கூடையோ சூழ்ந்த விளக்கில் சூடு குறைவான எல்.இ.டி. பல்பு மட்டும்.

பூச்சில் நான் விரும்புவது எளிமையானவற்றைத்தான். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் இறங்கி நாரின் வரிகளை ஆழப்படுத்திக் காட்டும். தேன்மெழுகு மங்கிய பளபளப்பைத் தரும். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கை எரிசாராயத்தில் கரைத்துப் பூசினால் அது ஏறத்தாழ எதன் மேலும் பிடிக்கும் என்பதால், முன்பு என்ன பூசியிருந்தார்கள் என்று தெரியாத பழைய பலகைக்கும் புதுப் பூச்சுக்கும் இடையில் அது நல்ல தடுப்பு. ஆனால் ஈரக் குவளை வைத்தால் வெண்வட்டம் விழும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சுருட்டிய துணியில் அது தேங்கித் தானாகவே தீப்பற்றும். துணியை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய தகரப் பெட்டியில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

இந்த வகைப் பணியைப் பெரிய வடிவமைப்பாளர்களும் மதித்தே செய்திருக்கிறார்கள். நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் 1934இல் பெட்டிப் பலகைகளைக் கொண்டே நாற்காலி வடிவமைத்தார். பலகையின் கரடுமுரடை அவர் மறைக்கவில்லை. இத்தாலியின் காஸ்திலியோனி சகோதரர்கள் 1957இல் டிராக்டர் இருக்கையை முக்காலியாக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1991இல் நெதர்லாந்து வடிவமைப்பாளர் டேஜோ ரேமி செய்தது: வெவ்வேறு சாமான்களிலிருந்து கழன்ற பழைய இழுப்பறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புது மேப்பிள் மரத்தில் கூடு செய்து, எல்லாவற்றையும் ஒரே பட்டையால் சேர்த்துக் கட்டினார். இழுப்பறையின் பழைய முகங்கள் தொடப்படாமல் இருக்கின்றன, பாரம் தாங்குவதோ புதிய மரம். நான் மேலே நீட்டி முழக்கிச் சொன்னதை அந்த ஒரு பொருள் கண்முன் காட்டிவிடுகிறது.

புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்துத் தழும்பாக்கிப் பழையதுபோல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தழும்புகள் எங்கே விழும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கதவின் தாழ்ப்பாளைச் சுற்றி, படியின் நடுவில், பெட்டியின் மூலைகளில். சங்கிலிக்கு அந்தக் காரணம் தெரியாது, ஆகவே அதன் தழும்புகள் எங்கும் ஒரே சீராக இருக்கும், பழகிய கண் அதை உடனே கண்டுகொள்ளும். அதேபோல, ஓர் அறையில் இத்தகைய பொருட்களை நிரப்பிவிட்டால் அவை ஒன்றையொன்று மறைத்துக் கிடங்குபோல் தோன்றும். வெறுமையான வெள்ளைச் சுவர், அதன் முன் ஒரே ஒரு பழைய பலகை மேசை. அப்போதுதான் அந்தப் பலகையின் வரிகள் பார்வைக்கு வரும்.

அறுக்கத் தொடங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பொருள் தன் பழைய வேலையையே இன்னும் செய்ய வல்லதா? கீலை மாற்றினால் மீண்டும் மூடித் திறக்கக்கூடிய நல்ல கதவை மேசையாக்குவதைவிட, கதவு தேடும் ஒருவரிடம் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஓடக்கூடிய தையல் இயந்திரத்தைக் காலுக்காகப் பிரிப்பதும் அப்படியே. அதற்கு வழியில்லாதபோதுதான் ரம்பத்தை எடுக்கிறேன். அப்போதும் முடிந்த இடங்களிலெல்லாம் பசைக்குப் பதிலாகத் திருகாணியையும் மரையாணியையும் பயன்படுத்துகிறேன், அடுத்து எடுப்பவர் பலகையைப் பலகையாகவும் காலைக் காலாகவும் சேதமின்றிக் கழற்றிக்கொள்ள அது உதவும்.